குழந்தைகளும் டரான்டுலா சிலந்தியும்: கையில் கொடுக்கலாமா?

நாய், பூனை, கிளி, வண்ணமீன் என்ற வரிசையில் அண்மைக் காலமாகச் சில வீடுகளில் புதிய வளர்ப்பு உயிரினங்களும் இடம்பெறத் தொடங்கியுள்ளன. அவற்றுள் ஒன்று டரான்டுலா எனப்படும் பெரிய மயிரடர்ந்த சிலந்தி. அமெரிக்காவிலும் ஐரோப்பிய நாடுகளிலும் இதனைக் கண்ணாடித் தொட்டியில் வைத்து வளர்ப்பது பல்லாண்டுகளாக நிலவிவரும் பழக்கம். அந்நாடுகளில் வாழும் உறவினர் வீட்டிற்கு விடுமுறையில் செல்லும் நம் குழந்தைகள் அதனை நேரில் காண்கின்றனர். நம் ஊரிலும் இந்த ஆர்வம் இல்லாமல் இல்லை. 2021 ஜூலையில் போலந்து நாட்டிலிருந்து சென்னைக்கு வந்த அஞ்சல் பொதி ஒன்றில், சிறு பிளாஸ்டிக் குப்பிகளில் அடைக்கப்பட்ட 107 உயிருள்ள சிலந்திகளைச் சுங்கத் துறையினர் கைப்பற்றினர். அவை டரான்டுலா வகையினவாக இருக்கலாம் என்று அப்போது தெரிவிக்கப்பட்டது.

இச்சிலந்தியைக் குழந்தையின் கையில் கொடுக்கலாமா என்பதே இக்கட்டுரையில் நாம் ஆராயும் வினா. விடையை முதலிலேயே கூறிவிடுகிறோம். சிறு குழந்தைகள் டரான்டுலாவைக் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்க்கலாம். கையில் எடுத்தல் கூடாது. இதற்குக் காரணமாகப் பெரும்பாலோர் நினைப்பது அதன் நஞ்சை. உண்மையில் குழந்தைக்கு முதன்மையான தீங்கு அதன் கடியால் வருவதன்று. அதன் உடலிலிருந்து உதிரும் நுண்ணிய முடியால் வருவது. அத்தீங்கு சென்று சேரும் இடம் பெரும்பாலும் கண். பெற்றோர் அறிந்திருக்க வேண்டிய செய்தி இதுவே.

டரான்டுலா என்பது எது?

இத்தாலியின் தென்பகுதியிலுள்ள தாரந்தோ என்னும் நகரின் பெயரிலிருந்து பிறந்த சொல் இது. முதலில் அப்பெயரைப் பெற்றது அப்பகுதியில் வாழும் ஓநாய்ச் சிலந்தி என்னும் வேறொரு சிலந்தி. பிற்காலத்தில் அமெரிக்கக் கண்டங்களில் காணப்பட்ட பெரிய மயிரடர்ந்த சிலந்திகளுக்கு அப்பெயர் வழங்கலாயிற்று. இன்று தெரபோசிடே என்னும் குடும்பத்தைச் சேர்ந்த சிலந்திகளையே டரான்டுலா என்கிறோம். இக்குடும்பத்தில் ஆயிரத்திற்கும் மேற்பட்ட இனங்கள் உள்ளன. நம் வீட்டுச் சுவரில் ஊரும் எட்டுக்கால் பூச்சிகள் இக்குடும்பத்தைச் சேர்ந்தவை அல்ல. அவற்றைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை.

மருத்துவ நோக்கில் டரான்டுலாக்களை இரு பெரும் பிரிவுகளாகக் கொள்வது பயனுடையது.

முதற்பிரிவு, வட, தென் அமெரிக்கக் கண்டங்களைச் சேர்ந்தவை. சிலி நாட்டு ரோஜா டரான்டுலா, மெக்சிகோவின் செம்முழங்கால் டரான்டுலா ஆகியவை இப்பிரிவின. ‘சாதுவானவை, தொடக்கநிலை வளர்ப்போருக்கு ஏற்றவை’ என்று கூறி விற்கப்படுபவை பெரும்பாலும் இவையே. இவற்றின் நஞ்சு வலிமை குறைந்தது. ஆனால் இவற்றுள் பெரும்பாலானவற்றின் வயிற்றுப் பகுதியில் அரிப்பூட்டும் நுண்முடிகள் அடர்ந்துள்ளன.

இரண்டாம் பிரிவு, ஆசியா, ஆப்பிரிக்கா, ஆஸ்திரேலியா ஆகிய கண்டங்களைச் சேர்ந்தவை. இவற்றிற்கு அந்த நுண்முடிகள் இல்லை. ஆகவே தற்காத்துக்கொள்ள இவை கடிப்பையே நம்புகின்றன, விரைந்து ஓடுகின்றன, நஞ்சும் வலிமை மிக்கது.

எனவே, ‘இது கடிக்காத வகை’ என்று விற்பவர் கூறும்போது, அது பெரும்பாலும் முடியை உதிர்க்கும் வகை என்று நாம் புரிந்துகொள்ள வேண்டும். இரண்டு தற்காப்பும் இல்லாத டரான்டுலாவைக் குழந்தைக்குத் தேர்ந்தெடுக்கலாம் என எண்ணுவது நடைமுறைக்கு ஒவ்வாதது.

சுணை என்னும் தற்காப்பு

மூங்கில் குருத்திலும் கரும்புத் தோகையிலும் உள்ள சுணை உடலிற்பட்டால் எவ்வாறு அரிக்கும் என்பதைக் கிராமத்தார் அறிவர். பூனைக்காலிக் காயின் சுணை பட்டவர்கள் அதனை மறப்பதில்லை. டரான்டுலாவின் வயிற்று முடியும் அத்தகைய சுணையே. ஒவ்வொரு முடியும் ஒரு மில்லிமீட்டர் அளவோ அதற்கும் குறைவோ நீளமுடையது. தனித்தனியாகக் கண்ணுக்கு எளிதில் புலப்படாது. அதன் தண்டில் தூண்டில் முள்ளைப் போன்ற நுண்ணிய எதிர்முட்கள் உள்ளன. உள்ளே செல்வது எளிது. வெளியே வருவது அரிது.

அச்சுறுத்தலை உணர்ந்த சிலந்தி தன் பின்னங்கால்களால் வயிற்றை விரைவாகத் தேய்க்கிறது. உடனே நூற்றுக்கணக்கான சுணைமுடிகள் பெயர்ந்து காற்றில் மெல்லிய புகைபோலப் பரவுகின்றன. சிலந்திக்கு அச்சுறுத்தலாகத் தோன்றுவது எது? கைநடுக்கம், திடீர் அசைவு, முகத்தை அருகில் கொண்டுசெல்லும்போது படும் மூச்சுக் காற்று ஆகிய எதுவும் போதும். டரான்டுலாவின் பார்வை மிக மங்கலானது. அதிர்வையும் காற்றசைவையும் கால்களிலுள்ள உணர்முடிகளால் அறிந்தே அது வாழ்கிறது. தன்னை அன்புடன் ஏந்தியிருப்பவரையும் தன்னைத் தின்ன வந்த விலங்கையும் அது பிரித்தறிவதில்லை. நாயைப் போலப் ‘பழகிவிட்ட’ டரான்டுலா என ஒன்று இல்லை. நூறு முறை அமைதியாக இருந்த சிலந்தி நூற்றோராம் முறை முடியை உதிர்ப்பதற்கு எத்தடையும் இல்லை.

தோலில் படும் சுணைமுடிகள் அரிப்பையும் சிவந்த தடிப்புகளையும் உண்டாக்குகின்றன. இவை சில மணி நேரத்தில் அடங்கலாம். சிலருக்குப் பல நாட்கள், சில வாரங்கள்கூட நீடிக்கலாம். மூச்சுடன் உள்ளே சென்றால் தும்மல், மூக்கடைப்பு, தொண்டை எரிச்சல் ஆகியன தோன்றும். ஆஸ்துமா உள்ள குழந்தைக்கு இளைப்பு தூண்டப்படலாம்.

சில இனங்களின் சுணைமுடி தோலினுள் 2 மில்லிமீட்டர் ஆழம் வரை செல்லவல்லது. நம் கண்ணின் முன்புறமுள்ள ஒளிபுகும் கருவிழிப் படலமோ நடுப்பகுதியில் ஏறத்தாழ அரை மில்லிமீட்டர் தடிமனே உடையது. இவ்விரு அளவுகளையும் அருகருகே வைத்துப் பார்த்தால், தோலில் வெறும் அரிப்பாக முடிந்துபோகும் ஒன்று கண்ணில் ஏன் அவ்வாறு முடிவதில்லை என்பது விளங்கும்.

கண்ணில் நிகழ்வது

கண்ணிற் பட்ட சுணைமுடி கருவிழியில் தைத்து நிற்கிறது. இமை மூடித் திறக்குந்தோறும், கண்ணைக் கசக்குந்தோறும், எதிர்முட்களின் அமைப்பால் அது முன்னோக்கியே நகர்கிறது. கருவிழியைக் கடந்து கண்ணின் உள்ளறையை அடையலாம். அரிதாக விழித்திரை வரையிலும் செல்லலாம். அயற்பொருளான அம்முடியைச் சுற்றி உடல் அழற்சியை உண்டாக்குகிறது. சிறு முடிச்சுகள் தோன்றுகின்றன. ‘முடிச்சுக் கண்ணழற்சி’ என்று பொருள்படும் ‘ஆப்தால்மியா நொடோசா’ என்னும் மருத்துவப் பெயர் இதனால் வந்தது.

இது நம் நாட்டிற்குப் புதிய நோய் அன்று. இந்தியாவில் இந்நோய்க்கு மிகப் பொதுவான காரணம் சிலந்தி அன்று, கம்பளிப்பூச்சி. மழைக்காலத்தை ஒட்டி முருங்கை மரத்தில் கூட்டங்கூட்டமாக அப்பியிருக்கும் கம்பளிப்பூச்சியின் முடி உடலிற்பட்டு அரிப்பதை அறியாதார் இரார். அம்முடி கண்ணிற் பட்டாலும் இவ்வாறே தைத்து உள்நோக்கி நகர்கிறது. டரான்டுலாவின் தீங்கை எளிதில் மனத்தில் இருத்த விரும்புவோர், அதனைக் கையளவு பெரிய கம்பளிப்பூச்சியாக எண்ணிக்கொள்ளலாம். கம்பளிப்பூச்சியை எடுத்துக் குழந்தையின் கையில் வைக்க நம்முள் எவரும் துணிவதில்லை.

டரான்டுலாவால் நேர்ந்த கண் பாதிப்புகளுள் நன்கு அறியப்பட்ட ஒன்று இங்கிலாந்தின் லீட்ஸ் நகரிலுள்ள புனித ஜேம்ஸ் பல்கலைக்கழக மருத்துவமனையில் பதிவாகி, 2010-இல் ‘லான்செட்’ மருத்துவ இதழில் வெளிவந்தது. 29 வயது இளைஞர் ஒருவர் மூன்று வாரங்களாகக் கண் சிவந்து, நீர் வடிந்து, வெளிச்சத்தைப் பார்க்க இயலாத நிலையில் வந்தார். சாதாரணக் கண் நோய்த்தொற்றாகக் கருதி அளிக்கப்பட்ட மருந்து பயன்தரவில்லை. உருப்பெருக்கிக் கருவியால் உற்று நோக்கியபோது கருவிழியில் நுண்ணிய முடிபோன்றவை நீட்டிக்கொண்டிருந்தன. அதனைக் கேட்டதும் அவருக்கு ஒரு நிகழ்ச்சி நினைவிற்கு வந்தது. மூன்று வாரங்களுக்கு முன் தம் வளர்ப்பு டரான்டுலாவின் தொட்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார். கண்ணாடியிலிருந்த கறையில் கவனமாக இருந்தபோது பின்னால் அசைவை உணர்ந்து திரும்பினார். அக்கணமே சிலந்தி உதிர்த்த முடித்திரள் அவர் முகத்திலும் கண்ணிலும் பட்டது. அம்முடிகள் மிக நுண்ணியவையாதலால், மிகச் சிறிய இடுக்கியாலும் எடுக்க இயலவில்லை. ஸ்டீராய்டு சொட்டு மருந்தைக் கொண்டு அழற்சியைத் தணிக்க வேண்டியதாயிற்று.

இந்நிகழ்வில் பெற்றோர் கவனிக்க வேண்டியவை மூன்று. ஒன்று, அவர் சிலந்தியைக் கையில் எடுக்கவில்லை, தொட்டியைத்தான் துடைத்தார். இரண்டு, அவர் வயதுவந்த வளர்ப்பாளர். மூன்று, கண்ணின் நிலைக்கும் சிலந்திக்கும் உள்ள தொடர்பு அவருக்கே மூன்று வாரங்கள் வரை தோன்றவில்லை. அவருக்கே இவ்வாறெனில், நடந்ததைக் கோவையாகச் சொல்லத் தெரியாத நான்கு வயதுக் குழந்தைக்கு எவ்வாறிருக்கும் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

குழந்தைக்கு இடர் கூடுதலாவது ஏன்?

குழந்தையின் கை குட்டையானது. பெரியவர் ஒருவர் கையை நீட்டிப் பிடித்தால் சிலந்திக்கும் முகத்திற்கும் இடையே உள்ள தொலைவு, குழந்தை பிடிக்கும்போது பாதியாகக் குறைகிறது. அதற்கு மேலும், விரும்பிய பொருளை முகத்தருகே கொண்டுவந்து உற்றுப் பார்ப்பது குழந்தைகளின் இயல்பு.

குழந்தை கையைக் கண்ணிலும் வாயிலும் வைக்கும். கையில் ஒட்டிய சுணைமுடி அடுத்த சில நிமிடங்களில் கண்ணைச் சேரும். கண் உறுத்தினால் குழந்தை செய்யும் முதற்செயல் கசக்குவது. கசக்கக் கசக்க முடி ஆழமாகச் செல்கிறது.

குழந்தை எதிர்பாராத அசைவிற்கு அஞ்சும். கையில் அமைதியாக இருந்த சிலந்தி திடீரென முழங்கையை நோக்கி ஓடினால், குழந்தை கையை உதறும். அல்லது இறுகப் பற்றும். இறுகப் பற்றினால் கடி நேரும். உதறினால் சிலந்தி விழும். டரான்டுலாவின் வயிறு மெல்லிய தோலாலானது. இடுப்பளவு உயரத்திலிருந்து விழுந்தாலும் அது கிழிந்து சிலந்தி இறக்கக்கூடும். தன் கையிலிருந்த உயிர் இறப்பதைக் காண்பது குழந்தையின் மனத்திற்கும் நல்லதன்று. கையில் எடுப்பதால் சிலந்திக்கு எந்த நன்மையும் இல்லை; இரு தரப்பிற்கும் இழப்பே உண்டு.

சிறு குழந்தையைக் கண் பரிசோதனைக்கு உட்படுத்துவதும் எளிதன்று. பெரியவர் உருப்பெருக்கிக் கருவியின் முன் அசையாமல் அமர்வார். முடியை எடுக்கும்போது ஒத்துழைப்பார். குழந்தைக்கு அப்பரிசோதனைக்கே மயக்க மருந்து தேவைப்படலாம். ஏழு, எட்டு வயதிற்குள் பார்வைத் திறன் வளர்ந்துகொண்டிருக்கும் காலமாதலால், அக்காலத்தில் ஒரு கண்ணின் பார்வை நெடுநாள் மங்கியிருந்தால் அது ‘சோம்பேறிக் கண்’ணாக மாறும் வாய்ப்பும் உண்டு.

அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் 2008-இல் வெளியிட்ட அறிக்கையொன்று, மரபுசாரா வளர்ப்பு உயிரினங்களால் வரும் தீங்கு ஐந்து வயதிற்குட்பட்ட குழந்தைகளுக்குக் கூடுதல் என்பதைச் சுட்டியது. டரான்டுலாவைப் பொறுத்தவரை ஐந்து வயதுடன் இவ்விடர் நீங்கிவிடுவதாக நாங்கள் கருதவில்லை. கண்ணைத் தொடாமல் கையைக் கழுவ வேண்டும் என்பதை நினைவூட்டாமலே செய்யும் முதிர்ச்சி வரும்வரை தொடாதிருப்பதே நன்று.

கடித்தால் நிகழ்வது

அமெரிக்கக் கண்டங்களைச் சேர்ந்த டரான்டுலாவின் கடி பெரும்பாலும் தேனீ கொட்டியதை ஒத்த வலியையும் வீக்கத்தையும் தருகிறது. சில மணி நேரத்தில் தணிகிறது. எனினும் எவருக்கும் ஒவ்வாமை வரக்கூடும் என்பதை மறத்தலாகாது.

ஆசிய இனங்களின் கடி அத்தகையதன்று. இந்தியாவிலும் இலங்கையிலும் மரப்பொந்துகளில் வாழும் ‘பீசிலோதீரியா’ என்னும் பேரினம் இவ்வகையில் குறிப்பிடத்தக்கது. இராமேசுவரம் பகுதியில் வாழும் ஓர் இனம் 2004-இல் அறிவியல் உலகிற்கு அறிமுகமாயிற்று. ஆந்திரத்தின் கூட்டி என்னும் ஊரில் கண்டறியப்பட்டு 1899-இல் விவரிக்கப்பட்ட நீலநிற இனம் அதன் அழகிற்காகவே உலகெங்கும் வளர்ப்போரால் விரும்பப்படுகிறது. இப்பேரினச் சிலந்திகள் கடித்தால் கடும் வலியும் வீக்கமும் உண்டாகும். சில மணி நேரம் கழித்துத் தசைப்பிடிப்பு தொடங்கிப் பல நாட்கள் விட்டுவிட்டுத் தொடரலாம். முதல் ஒரு மணி நேரத்தில் குழந்தை நன்றாக இருக்கிறது என்பதைக் கொண்டு அமைதியடைதல் கூடாது.

டரான்டுலாவின் நஞ்சிற்கெனத் தனி நச்சுமுறி மருந்து வழக்கில் இல்லை. பாம்புக்கடிக்கு அளிக்கும் நச்சுமுறி இதற்குப் பயன்படாது. அதனைக் கேட்டு வற்புறுத்துதல் வேண்டா. வலி நீக்கமும் தசைப்பிடிப்பிற்கான மருந்தும் கண்காணிப்புமே மருத்துவம். முறையான மருத்துவக் கவனிப்பில் பெரும்பாலோர் முழுமையாக நலமடைகின்றனர்.

வீட்டில் நாய் வளர்ப்போர்க்கு ஒரு குறிப்பு. ஆஸ்திரேலிய டரான்டுலாக்களின் கடியைப் பற்றி 2003-இல் வெளிவந்த ஆய்வில், கடிபட்ட மனிதர் ஒன்பதின்மரும் பெரிய தீங்கின்றித் தேறினர். கடிபட்ட நாய்கள் ஏழும் இறந்தன. நாயின் உடலியல்பு வேறு. குழந்தைக்கும் அவ்வாறே நேரும் என்று இதனைக் கொண்டு முடிவு செய்தல் தவறு. எனினும் நாயும் டரான்டுலாவும் ஒரே வீட்டில் இருத்தல் நன்றன்று.

தொடாமலே வரும் தீங்கு

சிலந்தியைத் தொடவில்லை என்பதனால் மட்டும் குழந்தை பாதுகாப்பாக உள்ளது என்று கொள்ள இயலாது. உதிர்ந்த சுணைமுடிகள் தொட்டியின் மண்ணிலும், மூடியின் உட்புறத்திலும், சிலந்தி பின்னிய இழையிலும் தங்குகின்றன. டரான்டுலா அவ்வப்போது தோலுரிக்கும். முழுச் சிலந்தியைப் போலவே தோன்றும் அவ்வுரிந்த தோலைப் பொம்மையெனக் குழந்தைகள் எடுத்து விளையாடுவதுண்டு. அதிலும் சுணைமுடிகள் இருக்கும். தொட்டியைத் துப்புரவு செய்த பெரியவரின் கையிலும் சட்டையிலும் அவை ஒட்டியிருக்கும். அவர் கை கழுவாமல் குழந்தையைத் தூக்கினால் குழந்தைக்கும் அவை சேரும்.

சுணைமுடி பட்டால் செய்ய வேண்டுவன

*கண்ணில் பட்டால்*

முதலில் குழந்தை கண்ணைக் கசக்காதவாறு இரு கைகளையும் பற்றிக்கொள்ளுங்கள். தங்கள் கையைச் சோப்பிட்டுக் கழுவிய பின், ஓடும் தூய நீரை அல்லது மருந்தகத்தில் கிடைக்கும் சலைன் நீரைக் கண்ணின் மீது மெல்ல 15 நிமிடங்கள் ஊற்றுங்கள். மூக்கோரத்திலிருந்து வெளிப்புறமாக நீர் வழியட்டும். மற்றக் கண்ணில் படலாகாது. காண்டாக்ட் லென்ஸ் அணிந்திருந்தால் அகற்றுங்கள். பின்னர் அன்றே கண் மருத்துவரிடம் செல்லுங்கள். உறுத்தல் குறைந்துவிட்டது என்பதற்காகச் செல்லாதிருத்தல் கூடாது.

நம் வீடுகளில் பரிவுடன் செய்யப்படும் சில செயல்கள் இங்குத் தீங்காகும். முந்தானையைச் சுருட்டி வாயால் ஊதிக் கண்ணில் ஒற்றுதல், நாக்கால் நக்கித் தூசியை எடுத்தல், தாய்ப்பாலோ எண்ணெயோ விடுதல் ஆகியவற்றைத் தவிர்க்க வேண்டும். ஒற்றுதலால் முடி ஆழமாகச் செல்லும். பிறவற்றால் கிருமித் தொற்று ஏற்படும். பஞ்சினாலோ இடுக்கியாலோ முடியை எடுக்கத் தாங்களே முயலுதலும் கூடாது.

மருந்துக் கடையில் தாங்களாகவே சொட்டு மருந்து வாங்குவதை வன்மையாக மறுக்கிறோம். ஸ்டீராய்டு கலந்த சொட்டு மருந்து இந்நோய்க்குப் பயன்படுவதே. ஆயினும் மருத்துவரின் கண்காணிப்பின்றி இட்டால் கண் நீரழுத்தம் கூடலாம்; காளான் தொற்று இருப்பின் அது முற்றிவிடலாம்.

*தோலில் பட்டால்*

சொறிதலும் துணியால் தேய்த்தலும் கூடாது. ஒட்டும் தன்மையுள்ள செல்லோ டேப்பை அவ்விடத்தில் ஒட்டி எடுத்தால் முடிகள் பல அதனோடு வந்துவிடும். ஒவ்வொரு முறையும் புதிய துண்டைப் பயன்படுத்துங்கள். பின்னர் சோப்பும் நீரும் கொண்டு கழுவுங்கள். உடைகளைக் கழற்றித் தனியே துவையுங்கள். கம்பளிப்பூச்சிக்குச் செய்வதுபோலத் திருநீற்றையோ சாணத்தையோ அழுத்தித் தேய்த்தல் வேண்டா.

*கடித்தால்*

கடிவாயைச் சோப்பிட்டுக் கழுவுங்கள். துணியில் சுற்றிய பனிக்கட்டியை வைக்கலாம். கடிபட்ட கையையோ காலையோ அசைக்காமல் வையுங்கள். கயிற்றால் கட்டுதல், கீறுதல், வாயால் உறிஞ்சுதல் ஆகியன கூடா. டெட்டனஸ் தடுப்பூசி உரிய காலத்தில் போடப்பட்டுள்ளதா என்பதை மருத்துவரிடம் கேட்டறியுங்கள். மூச்சுத்திணறல், முகமும் உதடும் வீங்குதல், உடலெங்கும் தடிப்பு, மயக்கம், தசைப்பிடிப்பு ஆகியவற்றுள் எதுவொன்று தோன்றினாலும் 108-ஐ அழைத்து உடனே மருத்துவமனைக்கு வாருங்கள்.

மருத்துவரிடம் கூற வேண்டிய ஒரு செய்தி

கண் சிவந்து நீர் வடிந்தால் எவரும் முதலில் எண்ணுவது ‘மெட்ராஸ் ஐ’. சுணைமுடியால் வரும் அழற்சியும் தொடக்கத்தில் அவ்வாறே தோன்றும். வெறுங்கண்ணுக்கு முடி தெரியாது. ஸ்லிட் லாம்ப் என்னும் உருப்பெருக்கிக் கருவியில், அதனைத் தேடும் நோக்குடன் பார்த்தாலே தெரியும். இமையின் உட்புறத்தைத் திருப்பியும் பார்க்க வேண்டும். ஆகவே, ‘வீட்டில் டரான்டுலா உள்ளது’ அல்லது ‘சென்ற மாதம் உறவினர் வீட்டில் குழந்தை டரான்டுலாவைத் தொட்டது’ என்னும் ஒரு வரிச் செய்தி நோயறிதலின் போக்கையே மாற்றவல்லது. கேட்கும்வரை காத்திராமல் தாங்களே கூறுங்கள். கம்பளிப்பூச்சி பட்டிருந்தாலும் அவ்வாறே கூறுங்கள். பிறர் கடிந்துகொள்வர் என்று குழந்தை மறைத்திருக்கக்கூடும், அச்சுறுத்தாமல் கேட்டறியுங்கள். தொட்டியின் மேல் எழுதப்பட்டுள்ள சிலந்தியின் பெயரையோ அதன் நிழற்படத்தையோ கொண்டுவருவது பெரிதும் உதவும்.

மருத்துவம் சில வாரங்கள், சிலருக்குச் சில மாதங்கள் தொடரலாம். வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் முடிகளை நுண்ணோக்கியின் கீழ் அகற்றுவோம். ஆழத்தில் பதிந்தவற்றைத் தோண்டி எடுப்பதைவிட மருந்தால் அழற்சியை அடக்கிக் கண்காணிப்பது நலமாக அமைவதும் உண்டு. கண் வெளுத்துவிட்டது என்று இடையில் மருந்தையோ வருகையையோ நிறுத்திவிடாதீர்கள். தங்கிய முடி பின்னர் நகர்ந்து மீண்டும் அழற்சியை உண்டாக்கலாம்.

ஏற்கனவே வளர்க்கும் குடும்பங்களுக்கு

டரான்டுலாக்களுள் சில இனங்களின் பெண் சிலந்திகள் இருபது ஆண்டுகளுக்கும் மேல் வாழ்கின்றன. ஆகவே குழந்தை பிறக்கும் முன்பே வீட்டிற்கு வந்த சிலந்தியும் இருக்கலாம். அத்தகைய குடும்பங்களை அதனைக் கைவிடுமாறு நாங்கள் கூறவில்லை. கீழ்க்காணும் ஒழுங்குகளைக் கடைப்பிடிக்குமாறு வேண்டுகிறோம்.

• தொட்டி பூட்டக்கூடியதாகவும், குழந்தையின் கைக்கு எட்டாத, இடித்தால் விழாத இடத்திலும் இருக்கட்டும். குழந்தை உறங்கும் அறையில் வைக்காதீர்கள்.

• துப்புரவுப் பணியைப் பெரியவர் மட்டுமே, குழந்தை அருகில் இல்லாதபோது செய்யட்டும். பக்கங்களும் மூடிய பாதுகாப்புக் கண்ணாடி, முகக்கவசம், கையுறை ஆகியவற்றை அணிதல் வேண்டும். சாதாரண மூக்குக்கண்ணாடி போதாது.

• பணி முடிந்தபின் முழங்கை வரை சோப்பிட்டுக் கழுவி, உடை மாற்றிய பின்னரே குழந்தையைத் தூக்க வேண்டும்.

• உரிந்த தோலையும் பழைய மண்ணையும் உறையிலிட்டுக் கட்டி அகற்றுங்கள்.

• சிலந்தியின் வயிற்றில் முடியற்ற வழுக்கைத் திட்டு தெரிந்தால், அண்மையில் அது சுணைமுடியை உதிர்த்துள்ளது என்பது பொருள். தொட்டியைத் திறக்கும்போது கூடுதல் கவனம் வேண்டும்.

• ஆஸ்துமா, தோல் ஒவ்வாமை உடையோர், கண் அறுவை மருத்துவம் செய்துகொண்டோர், காண்டாக்ட் லென்ஸ் அணிவோர் தொட்டியைக் கையாளுதல் கூடாது.

புதிதாக வாங்க எண்ணுவோர் சட்டத்தையும் அறிதல் வேண்டும். பீசிலோதீரியா பேரினம் முழுவதும் 2019 முதல் அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தை ஒழுங்குபடுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் கீழ் உள்ளது. நம் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் 2022-இல் செய்யப்பட்ட திருத்தம், அவ்வுடன்படிக்கையின் பட்டியலில் உள்ள உயிரினங்களை வைத்திருப்போர் அவற்றைப் பதிவு செய்யுமாறு பணிக்கிறது.

குழந்தையின் ஆர்வத்தை என்ன செய்வது?

சிலந்தியைக் கண்டு அலறும் குழந்தையை விட, அதனை அறிய விரும்பும் குழந்தை நமக்கு மகிழ்ச்சியே தருகிறது. அந்த ஆர்வத்தை அச்சத்தால் அடக்க வேண்டியதில்லை. கண்ணாடிக்கு வெளியே அமர்ந்து அது இரையைப் பிடிப்பதையும், மல்லாந்து கிடந்து தோலுரிப்பதையும் பார்க்கச் சொல்லுங்கள். பார்த்ததை வரையச் சொல்லுங்கள். ‘அதற்கும் உன்னைக் கண்டு அச்சம், தொட்டால் அது துன்புறும், உன் கண்ணும் துன்புறும்’ என்று கூறினால் ஐந்து வயதுக் குழந்தையும் புரிந்துகொள்ளும். கண்காட்சிகளில் நிழற்படத்திற்காகச் சிலந்தியைக் குழந்தையின் தோளில் வைக்க முன்வருவோரிடம் தயங்காமல் மறுத்துவிடுங்கள்.

நினைவிற் கொள்ள

1. சிறு குழந்தைகள் டரான்டுலாவைப் பார்க்கலாம், தொடலாகாது.

2. சாதுவான வகையிலும் சுணைமுடி உண்டு. அது கண்ணைத் தாக்கும்.

3. தொட்டி, மண், உரிந்த தோல், பெரியவரின் கை ஆகியவற்றின் வழியாகவும் தீங்கு வரும்.

4. கண்ணில் பட்டால் கசக்காமல் 15 நிமிடம் நீரால் கழுவி, அன்றே கண் மருத்துவரிடம் செல்லுங்கள்.

5. சிவந்த கண்ணுடன் மருத்துவரிடம் செல்லும்போது, சிலந்தியோ கம்பளிப்பூச்சியோ பட்டிருக்கலாம் என்பதை முதலிலேயே கூறுங்கள்.